சுவரை மூடினார்கள், மூச்சை மறந்தார்கள்

குளிர் தாங்கவில்லை என்று முறையிட்டவனுக்குக் கம்பளி கொடுத்தார்கள். ஆனால் அதை நனைத்துக் கொடுத்தார்கள். பிரிட்டனில் ஏழைத் தொழிலாளர் குடும்பங்களின் வீடுகளுக்கு நடந்திருப்பது இதுதான்.

எதிர்க்கட்சி மேடையில் எவரோ ஆவேசமாகப் பேசியதை வைத்துக்கொண்டு நாம் இதை எழுதவில்லை. பிரிட்டிஷ் சர்க்காரின் வரவுசெலவைச் சோதிக்கும் தேசியத் தணிக்கை அலுவலகமே 2025 அக்டோபரில் அறிக்கை வெளியிட்டிருக்கிறது. குளிரைத் தடுப்பதற்காக வெளிச்சுவரின்மேல் வெப்பக் காப்புப் பலகை பொருத்தப்பட்ட வீடுகளில் நூற்றுக்கு 98 வீடுகள் பழுது! எண்ணிக்கையில் 22,000 முதல் 23,000 வரை. உட்சுவரில் பலகை பொருத்திய வீடுகளில் நூற்றுக்கு 29 பழுது. இவை வெறும் பூச்சு உதிர்ந்த குறைகள் அல்ல. திருத்தியே தீரவேண்டிய பெரும் பழுதுகள். கவனிக்காமல் விட்டால் ஈரம் ஊறும், பூஞ்சணம் படரும், குடியிருப்பவன் நெஞ்சில் சளி கட்டும். வெளிச்சுவர் வேலை நடந்த வீடுகளில் நூற்றுக்கு 6 வீடுகளில் உடனடி ஆபத்தே இருக்கிறதென்றும் அறிக்கை கூறுகிறது.

நூற்றுக்கு இரண்டு மூன்று கெட்டுப்போனால் கொத்தனார் கைத்தவறு எனலாம். நூற்றுக்கு 98 கெட்டுப்போனால் அதற்கு என்ன பெயர்?

திட்டத்தின் நோக்கத்தில் குற்றமில்லை. 2013-ல் தொடங்கிய 'எனர்ஜி கம்பெனி ஆப்ளிகேஷன்' என்ற திட்டம் அது. மின்சாரமும் எரிவாயுவும் விற்கும் கம்பெனிகள், குறைந்த வருமானக் குடும்பங்களின் வீடுகளுக்குச் சொந்தப் பொறுப்பில் வெப்பக் காப்புச் செய்து தரவேண்டும் என்பது சட்டம். பணம் கம்பெனிப் பெட்டியிலிருந்து வருவதாக யாரும் எண்ணிவிட வேண்டாம். எல்லா வீட்டு மின்சார, எரிவாயு பில்களிலும் ஏற்றி வசூலித்த பணம் அது. தணிக்கையில் சிக்கியவை, 2022-ல் தொடங்கிய அதன் நான்காம் கட்டத்திலும், 2023-ல் உடன் சேர்ந்த இன்னொரு திட்டத்திலும் நடந்த வேலைகள்.

இந்த ஈரம் எங்கிருந்து வந்தது? அதைப் புரிந்துகொண்டால்தான் மோசடியின் சூட்சுமம் விளங்கும்.

சீமையின் பழைய தொழிலாளி வீட்டில் கணப்பு உண்டு. கணப்புக்குப் புகைபோக்கி உண்டு. நிலக்கரி எரியும்போது அறைக்காற்றை அது மேலே இழுத்துக்கொண்டு போகும். ஜன்னல் இடுக்கு, கதவு இடுக்கு, பலகைத் தரையின் சந்து வழியாகப் புதுக்காற்று உள்ளே வரும். குளிர்தான். ஆனாலும் வீடு மூச்சுவிட்டது. கணப்பை அடைத்து, இடுக்குகளைப் பூசி, சுவருக்கு உறை போட்டால் சூடு தங்கும். சூட்டோடு மற்றவையும் தங்கும். நான்கு பேர் உள்ள குடும்பம் மூச்சுவிட்டும், சமைத்தும், குளித்தும், துணி உலர்த்தியும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 10 லிட்டர் தண்ணீரை ஆவியாகக் காற்றில் கலக்கிறது. தினமும் ஒரு வாளி! அந்த வாளி வெளியேற வழியில்லாவிட்டால் வீட்டில் எந்த மூலை அதிகக் குளிர்ச்சியோ அங்கே போய்ப் படிந்து நீராகிறது. பலகை சரியாகச் சேராத ஜன்னல் ஓரம், அலமாரிக்குப் பின்புறச் சுவர், கூரையும் சுவரும் சேரும் இடம்: கரும்புள்ளி முதலில் தோன்றுவது அங்கேதான். எரிவாயு அடுப்பின் நச்சுவாயுவும், மரத்தூள் பலகைச் சாமான்களிலிருந்து கசியும் பார்மால்டிஹைடும் அதே அறைக்குள்தான் சுற்றிச் சுற்றி வரும். இது உள்ளிருந்து வரும் கேடு. வெளியிலிருந்து வருவது இன்னொன்று. பலகையின் மேல்விளிம்பைக் கூரையடியில் ஒழுங்காக மூடாமல் விட்டால் மழைநீர் பலகைக்கும் சுவருக்கும் நடுவே இறங்கும். இறங்கிய நீர் உலர வழி ஏது? சுவர் குடிக்கும்.

இது 2025-ல் திடீரென்று கண்டுபிடித்த ரகசியமுமல்ல. லங்காஷயரில் பிரஸ்டன் நகரத்து பிஷ்விக் பகுதியில், 2013-வாக்கில் இதற்கு முந்திய திட்டமொன்றின்கீழ் 300-க்கு மேற்பட்ட வீடுகளுக்கு இதே வெளிச்சுவர் உறை போட்டார்கள். மழைநீர் இறங்கி, சுவர்களில் காளான் முளைத்த வீடுகளைப் பத்திரிகைகள் படமெடுத்துப் போட்டன. பத்தாண்டுக்கு மேல் அந்த மக்கள் கதறினார்கள். பாடம் கற்றதாகச் சொன்னார்கள். கற்ற பாடம் நூற்றுக்கு 98!

விஞ்ஞானம் வழி காட்டவில்லையா? தாராளமாகக் காட்டியிருக்கிறது. 1973-ல் எண்ணெய் விலை ஏறியதும் மேல்நாட்டார் கட்டடங்களை இறுக்கி மூடத் தொடங்கினார்கள். அமெரிக்காவில் 1981-ல் வந்த தரவிதி, ஓர் ஆளுக்கு நிமிடத்துக்கு 5 கன அடி வெளிக்காற்று போதும் என்றது. தலைவலி, கண்ணெரிச்சல், மூச்சுத்திணறல் என்று ஊழியர்கள் புகார் செய்தார்கள். 1989-ல் அதே தரவிதி 15 கன அடி என்று மாறியது. அதற்கு முன்பே, 1977-ல், கனடாவின் சஸ்காட்செவான் மாநிலத்தில் காற்றுப் புகாத வீடொன்றைக் கட்டி, வெளியேறும் காற்றின் சூட்டை உள்ளே வரும் காற்றுக்கு மாற்றித்தரும் கருவியையும் அதில் வைத்துக் காட்டிவிட்டார்கள். 1991-ல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் வோல்ப்காங் பைஸ்ட் என்ற விஞ்ஞானியின் முயற்சியால் எழுந்த 'பாசிவ் ஹவுஸ்' வீடுகளிலும் அதே ஏற்பாடுதான். சூடு போகாது, கெட்ட காற்று மட்டும் போகும். வசதியுள்ளவன் இன்று இந்த வீட்டைக் கட்டிக்கொண்டு சுகமாக உறங்குகிறான்.

ஏழை வீட்டுக்கு அவ்வளவு பெரிய கருவிகூட வேண்டியதில்லை. சமையலறையிலும் குளியலறையிலும் காற்றை வெளியே தள்ளும் விசிறி ஒவ்வொன்று; ஜன்னல் சட்டத்தின் மேற்புறத்தில் மூடாத சிறு காற்றுத்துளை; அறைக் கதவின் அடியில் 10 மில்லிமீட்டர் இடைவெளி. பெரும்பாலான வீடுகளுக்கு இவ்வளவுதான். சுவரை மூடுமுன் காற்றோட்டம் போதுமா என்று சோதிக்கவேண்டும் என்று 'பாஸ் 2035' என்ற தரவிதி 2019-லேயே எழுதப்பட்டும் இருக்கிறது.

எழுதியதை ஏன் செய்யவில்லை? திட்டத்தின் கணக்கு எதை அளக்கிறது என்று பாருங்கள், தோழர்களே. எரிபொருள் பில்லில் காகிதக் கணக்குப்படி எவ்வளவு மிச்சம் என்பதை அளக்கிறது. கம்பெனிகளுக்கு விதித்த இலக்கு அதுதான். சுவரை மூடினால் மிச்சக் கணக்கு ஏறும். விசிறியை வைத்தால் என்ன ஏறும்? செலவு ஏறும். வேலை கம்பெனியிடமிருந்து காண்டிராக்டருக்கும், காண்டிராக்டரிடமிருந்து சப்-காண்டிராக்டருக்கும் கைமாறும்போது ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் ஒட்டிக்கொள்கிறது; கடைசியில் ஒட்டாமல் போவது பலகைதான். செய்யாத வேலைக்கும் பணம் வாங்கினார்கள். அந்நாட்டு எரிசக்தி ஒழுங்காணையம் 2024 நவம்பரில் கணக்கிட்டபடி, 5,600 முதல் 16,500 வரையான வீடுகளுக்குப் பொய்க்கணக்குக் காட்டப்பட்டிருக்கலாம். அதன் மதிப்பு 5 கோடியே 60 லட்சம் முதல் 16 கோடியே 50 லட்சம் பவுன் வரை.

பலகை பொருத்தியவர்கள் தேர்ச்சியற்றவர்கள் என்றும் தணிக்கை அறிக்கை காரணம் கூறுகிறது. உண்மையாக இருக்கலாம். ஆனால் பயிற்சியும் சான்றிதழும் இல்லாதவனைப் பிடித்து வந்து ஏணியில் ஏற்றியவன் யார்? அவன் பெயரை விட்டுவிட்டு, ஏணிமேல் நின்றவன் தலையில் பழியைப் போடும் வேலையில் நாம் சேரமுடியாது.

பழி போடும் வித்தையில் இவர்கள் தேர்ந்தவர்கள். ரோச்டேல் நகரத்தில் நடந்ததைக் கேளுங்கள். அங்கே இருந்தது வெப்பக் காப்புத் திட்டத்து வீடு அல்ல. சாதாரண வாடகைக் குடியிருப்பு. நோய் ஒன்றே: காற்றுக்குப் போக்கிடம் இல்லை. குளியலறை விசிறி சரியாக வேலை செய்யவில்லை. சமையலறையில் விசிறியே இல்லை. அதன் ஜன்னல் எல்லோரும் நடக்கும் பொது நடையைப் பார்த்துத் திறந்தது. சூடானிலிருந்து வந்த குடும்பம். பூஞ்சணம் படர்கிறது என்று தகப்பன் 2017-ல் முறையிட்டபோது, மேலே பெயிண்ட் அடித்துக்கொள் என்றார்கள். பிறகும் முறையிட்டார். குடும்பத்தின் 'வாழ்க்கைமுறை'தான் ஈரத்துக்குக் காரணம் என்று முடிவு கட்டினார்கள். 2020 டிசம்பரில் அந்த வீட்டுக் குழந்தை அவாப் இஷாக் மூச்சுக்கோளாறால் செத்துப்போனான். இரண்டு வயது நிரம்பி எட்டு நாள். வீட்டுப் பூஞ்சணத்தை நெடுநாள் சுவாசித்ததே சாவுக்குக் காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை தீர்ப்பளித்தது. வாழ்க்கைமுறை பற்றிய ஊகம் தவறு என்று வீட்டு நிறுவனம் அதன்பிறகுதான் ஒப்புக்கொண்டது.

இதில் நமக்கு இன்னொரு வேதனையும் உண்டு. 1844-ல் 28 பேர் கூட்டுறவுக் கடை திறந்து உலகத்துக்கு வழிகாட்டிய ஊர் ரோச்டேல். அந்த வீட்டு நிறுவனமும் குடியிருப்போரும் ஊழியரும் உறுப்பினராயிருக்கும் அமைப்பே! பெயர்ப்பலகையில் கூட்டுறவு என்று இருந்தால் போதாது. முறையிடுபவன் குரல் மேசைக்குப் போய்ச் சேரவேண்டும்.

குழந்தையின் பெயரால் சட்டம் வந்தது. 2025 அக்டோபர் 27 முதல் இங்கிலாந்தின் பொதுக்குடியிருப்புகளில் உடனடி ஆபத்தை 24 மணி நேரத்துக்குள் நீக்கவேண்டும். ஈரம், பூஞ்சணப் புகாரை 10 வேலை நாளுக்குள் விசாரிக்கவேண்டும். விசாரணை முடிந்த 5 வேலை நாளுக்குள் ஆபத்தை அகற்றவேண்டும். தனியார் வீட்டுக்காரனுக்கு இது அன்று பொருந்தவில்லை.

வெப்பக் காப்பு வேலையே வேண்டாம், பருவநிலை பேசுவோரின் பைத்தியக்காரத்தனம் இது என்று முதலாளிப் பத்திரிகைகள் சில இந்தச் சாக்கில் கிளம்பியிருக்கின்றன. அந்தத் தாளத்துக்கு நாம் ஆடக்கூடாது. குளிர்ந்த வீடும் கொல்லும். எரிபொருள் பில் கட்ட முடியாத கிழவிக்குச் சூடு தங்கும் வீடு முதல் தேவை. 2025 நவம்பர் பட்ஜெட்டில் இந்தத் திட்டத்துக்கே முடிவு அறிவித்தார்கள். திட்டத்தை மூடுவது சுலபம். 22,000 சுவர்களைத் திறந்து பார்த்துத் திருத்துவதல்லவா சர்க்காரின் கடமை?

நம் நாட்டிலும் இந்தப் பேச்சு ஆரம்பமாகிவிட்டது. மின்சாரம் மிச்சமாகும் வீடுகளுக்கென்று 2018 டிசம்பரில் மத்திய சர்க்கார் 'எக்கோ நிவாஸ் சம்ஹிதா' என்ற விதித்தொகுப்பை வெளியிட்டது. கூரைக்கும் சுவருக்கும் வெப்ப அளவு சொல்லும் அதே விதி, ஜன்னலுக்கும் ஓர் அளவு சொல்லுகிறது. சென்னை போன்ற வெப்பமும் ஈரமும் கலந்த ஊர்களில், திறக்கக்கூடிய பரப்பு தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு இருக்கவேண்டும். 360 சதுர அடி வீட்டுக்கு 60 சதுர அடி. திறக்காத கண்ணாடி கணக்கில் வராது. நடைபாதைக்குத் திறக்கும் வாசற்கதவும் வராது. ஆனால் நடைபாதைப் பக்கம் திறக்கும் ஜன்னலைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று இடம் விட்டிருக்கிறார்கள். ரோச்டேல் சமையலறை ஜன்னலும் அப்படித்தான் திறந்தது. இந்தச் சலுகை நமக்குச் சம்மதமில்லை. அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வரைபடம் அதிகாரிகள் மேசையில் இருக்கும்போதே, வெளிப்புறச் சுவரில் மட்டும் எத்தனை சதுர அடி திறக்கிறது என்று நம் வார்டுக் கமிட்டிகள் எழுதிக் கேட்கவேண்டும். கட்டி முடித்த வீடாயிருந்தால் அளவு நாடாவோடு போகலாம்.