வில்லோ மரப்பட்டையும் 'இயற்கை' என்னும் மயக்கமும்



"வில்லோ மரப்பட்டை இயற்கையானது, ஆகவே பக்க விளைவே இல்லை." வலிநீக்கி மூலிகை மாத்திரை விற்போர் ஓயாமல் ஓதும் மந்திரம் இது. பெரியவர்கள் தம் மூட்டுவலிக்கு அதனை வாங்கி உண்பது அவரவர் விருப்பம். அதே மாத்திரையைக் காய்ச்சல் கண்ட பிள்ளைக்குப் பாதியாக உடைத்துக் கொடுப்பதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள இயலவில்லை.

அப்பட்டைக்கு ஆற்றல் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. இருக்கிறது, சிக்கலே அதுதான்! இங்கிலாந்துப் பாதிரியார் எட்வர்டு ஸ்டோன், பட்டையைக் காயவைத்துப் பொடியாக்கி ஏறத்தாழ 50 பேருக்குக் கொடுத்ததாகவும் குளிர்காய்ச்சல் தணிந்ததாகவும் 1763-இல் இலண்டன் அரச கழகத்துக்கு எழுதினார். 1828-இல் மூனிச் நகரில் பூக்னர் என்பார் அதிலுள்ள கசப்புப் பொருளைப் பிரித்தெடுத்தார். அதுவே சாலிசின். நம் உடல் அதனைச் சாலிசிலிக் அமிலமாக மாற்றுகிறது. பேயர் நிறுவனத்தில் 1897-இல் உருவான ஆஸ்பிரினும் உடலுக்குள் சென்றபின் அவ்வமிலமாகவே மாறுகிறது. இடுப்புவலிக்காரர் 210 பேரிடம் நடத்தி 2000-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆய்வில், வெற்று மாத்திரை உண்டவர்களைவிடப் பட்டைச்சாறு உண்டவர்களுக்கு வலி நன்கு குறைந்தது. அவர்கள் அனைவரும் பெரியவர்கள் என்பதை விற்பனையாளர் சொல்வதில்லை.

ஆஸ்பிரினுக்கு உறவு என்று பெருமை பேசுவோர், அவ்வுறவின் மறுபக்கத்தையும் பேச வேண்டாமா? சளிக்காய்ச்சலோ சின்னம்மையோ கண்ட சிறுவர்க்கு ஆஸ்பிரின் கொடுப்பது, மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரேய் நோயோடு தொடர்புடையது. அதனால்தான் பிரிட்டன் 1986-இல் 12 வயதுக்குட்பட்டோர்க்கும், 2002-இல் 16 வயதுக்குட்பட்டோர்க்கும் ஆஸ்பிரின் ஆகாது என்றது. வில்லோப் பட்டை 18 வயதுக்குட்பட்டோர்க்கு வேண்டாம் என்பதே ஐரோப்பிய மருந்து முகமையின் நிலைப்பாடு.

நம் மலேசியாவிலோ டிங்கிக் காய்ச்சல் வேறு. குருதிக்கசிவுக்கு அஞ்சியே டிங்கியில் ஆஸ்பிரினைத் தவிர்க்கச் சொல்கின்றனர் மருத்துவர்கள். பட்டை குருதி உறைவதைத் தடுப்பது ஆஸ்பிரினைவிடக் குறைவு என்பர். உண்மைதான். அந்தக் 'குறைவை' நம் பிள்ளையின் உடம்பிலா சோதித்துப் பார்ப்பது?

"பாட்டி வைத்தியத்தைப் பழிக்கிறீரே" என்று சிலர் சினப்பர். எந்தப் பாட்டி, ஐயா? நம் பாட்டிமார் கொடுத்தவை இஞ்சிச்சாறும் ஓமநீரும். புட்டியில் அடைத்த வில்லோ மாத்திரை ஐரோப்பியப் பாட்டியின் சீதனம்! அதில் பதிவு எண் இருப்பதனால் பிள்ளைக்கு ஏற்றதென்றும் ஆகிவிடாது.

மாத்திரையைப் புத்தகப்பையில் வைத்து, "இடைவேளையில் கொடுத்துவிடுங்கள்" என்று குறிப்பெழுதி அனுப்பும் பெற்றோர்களே, புட்டியில் 'சாலிக்ஸ்' என்ற பெயர் உள்ளதா எனப் பாருங்கள். இருந்தால் வீட்டிலேயே வைத்துவிடுங்கள்; நான் கொடுக்க மாட்டேன்.