பின் பம்பருக்கு எதுக்கு ரசமட்டம்?

பழைய அம்பாசிடரை ஆசையா வச்சிருக்கிறவங்க மேல எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு மக்களே. இஞ்சினுக்குக் கணக்குப் பாக்காம செலவு பண்றாங்க, சீட்டுக்குப் புது ரெக்ஸின் போடுறாங்க. பின் பம்பர் மட்டும் ஒரு பக்கமா வாயைக் கோணிக்கிட்டு நிக்கும். கேட்டா, "பழைய வண்டி, அப்படித்தாங்க இருக்கும்"னு ஒரு பதில். அப்படியெல்லாம் இருக்காதுங்க.

வேப்பந்தட்டையில இருந்து ஆத்தூர் வரைக்கும் பட்டறைகள்ல நான் பாத்த வரைக்கும் கோளாறு பெரும்பாலும் மாட்டுற அவசரத்துலதான். ஒரு பக்கத்து போல்ட்டை முழுசா முறுக்கிடுறாங்க. அடுத்த பக்கம் ஓட்டை பொருந்தல. உடனே கடப்பாரையால ஒரு நெம்பு, இல்லன்னா கேஸ் வச்சு ஓட்டையைப் பெருசாக்குறது. பிராக்கெட் வளைஞ்சு போச்சுன்னா அப்புறம் யார் வந்தாலும் நேராகாது.

எல்லா போல்ட்டையும் முதல்ல கையாலயே மாட்டி, பம்பரை லூசா விடுங்க. பெயிண்ட் கீறாம இருக்க பழைய லுங்கி ஒண்ணு நடுவுல இருக்கட்டும். ரெண்டு முனையையும் ரெண்டு பேர் தாங்கிப் பிடிக்கணும். பாடிக்கும் பம்பருக்கும் நடுவுல இருக்குற இடைவெளியை ரெண்டு பக்கமும் ஒரே தீப்பெட்டியை விட்டுப் பாருங்க. கம்மியா இருக்குற பக்கம் பிராக்கெட்டுக்கு வாஷர் குடுத்துத் தள்ளணும். சரியா வந்த பிறகு மாத்தி மாத்திக் கொஞ்சம் கொஞ்சமா முறுக்குங்க.

இதுல சிலர் கொத்தனார் மாதிரி ரசமட்டம் வச்சுப் பாப்பாங்க. பாத்தா எனக்குச் சிரிப்பு வரும். அம்பாசிடருக்குப் பின்னாடி கமான் பட்டை. அத்தனை வருஷம் ஓடின வண்டியில ஒரு பக்கம் இறங்கியிருக்கும், நிக்குற தரையும் சமமா இருக்காது. தரைக்கு நேரா மாட்டினா பாடிக்குக் கோணலாத்தான் தெரியும். டிக்கி மூடியோட கீழ் விளிம்புதான் அளவு. கமானை அப்புறம் தனியா பாத்துக்கலாம்.

இந்த வண்டிக்குத் தனி சேஸிஸ் கிடையாது. மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூணாம் சீரிஸ்ல இருந்து வந்த அமைப்பு, பாடியேதான் எல்லாம். அதனால பிராக்கெட் உக்காருற இடத்துல துரு தின்னிருக்கான்னு மொதல்ல பாத்துடுங்க. அங்க தகடு போயிருந்தா மத்ததெல்லாம் வீண்.

இன்னொரு முக்கியமான சங்கதி. குரோமியம் முலாமுக்குக் குடுக்குறதுக்கு முன்னாடியே ஒரு தடவை முழுசா மாட்டிப் பாத்துடணும். முலாம் ரொம்ப மெல்லிசு, அடியில இருக்குற சின்ன நெளிவைக்கூட மறைக்காது, இன்னும் பளிச்சுன்னு காட்டும். முலாம் போட்டுட்டு அப்புறமா தட்டி நிமித்தினா வெடிச்சு உரியும். காசும் போச்சு.

கோணலை மறைக்க கார்டு பைப் மாட்டுறதை யோசிக்கவே யோசிக்காதீங்க. அது மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுக்கு விரோதம்னு 2017 டிசம்பர்லயே மத்திய அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியாச்சு.

புதுசு வாங்கிக்கலாம்னு சொல்றவங்களுக்கு: உத்தரபாராவுல உற்பத்தி 2014 மே மாசமே நின்னு போச்சு. கடையில வர்ற மெல்லிசுத் தகட்டை நம்பி அந்தக் காலத்துக் கனமான பம்பரைப் பழைய இரும்புக்குப் போட்டுடாதீங்க. நெளிஞ்சிருந்தாலும் பரவால்ல, பரண்மேல கிடக்கட்டும்.

டிஸ்கி: பத்மினிக்காரங்க சண்டைக்கு வர வேண்டாம். உங்களுக்கும் அதே தீப்பெட்டிதான்.