பல்லுக்கும் லீவு கேட்போம்

கொட்டாஞ்சேனைக் கடைகளிலும் வெள்ளவத்தை வீடுகளிலும் வேலை செய்யும் நம் பிள்ளைகளுக்குப் பல் வலி வந்தால் அவர்கள் முதலில் ஓடுவது பாமசிக்கு. இரண்டு பனடோல் போட்டு, பல்லில் ஒரு கிராம்பை வைத்துக்கொண்டு வேலைக்குப் போய்விடுவார்கள். தோட்டத்தில் இருக்கும் அம்மாவும் அப்பாவும் செய்வதும் அதுவேதான். கன்னம் வீங்கி, வாய் திறக்க முடியாமல் போன பிறகுதான் பல் டொக்டரிடம் போகிறோம். ஏன் முன்னமே போகவில்லை என்று கேட்டால், "பயமா இருக்கு" என்கிறோம்.

இந்தப் பயத்தைப் பார்த்துச் சிரிப்பவர்கள் உண்டு. கொட்டும் மழையில், அட்டைக்கடியோடு மலை ஏறிக் கொழுந்து பறிக்கிறவர்கள் கோழைகள் அல்ல. இந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. நம்மில் பெரும்பாலானவர்கள் பல் வைத்தியரைப் பார்ப்பதே பல்லைப் பிடுங்குவதற்குத்தான். சீழ் கட்டி வீங்கிய இடத்தில் விறைப்பு ஊசி சரியாகப் பிடிக்காது. அதனால் வலிக்கிறது. அந்த வலியைக் கதை கதையாக வீட்டில் சொல்கிறோம். அதைக் கேட்ட பிள்ளை நம்மைவிடப் பிந்திப் போகிறது. பயத்தால் தாமதம், தாமதத்தால் வலி, வலியால் இன்னும் பயம்.

ஆனால் தாமதத்துக்குப் பயம் மட்டும் காரணமல்ல. ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு பேர் போய்விடும். கொழும்பில் கடை முதலாளி முகம் சுளிப்பார். பல்லுக்காக யாரும் லீவு கொடுப்பதில்லை என்று நாமே முடிவு செய்து வைத்திருக்கிறோம்.

இப்படிக் கவனிக்காமல் விட்ட வாய்க்கு என்ன நடக்கும் என்பதை உலகம் தெரிந்துகொண்டதே நம் ஆட்களின் வாயைப் பார்த்துத்தான். 1970இல் நோர்வே நாட்டைச் சேர்ந்த பேராசிரியர் ஹரால்ட் லோவும் அவருடைய குழுவினரும் டன்சினன், ஹரோ தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களின் பற்களையும் முரசையும் சோதித்துப் பதிவு செய்தார்கள். 15 ஆண்டுகள் திரும்பத் திரும்ப வந்து பார்த்தார்கள். பல் சிகிச்சையோ தடுப்பு வேலையோ எட்டாத மக்கள் என்பதாலேயே இந்த ஆய்வுக்கு நம் ஆட்கள் தெரிவு செய்யப்பட்டார்கள். ஒப்பிட்டுப் பார்க்க எடுத்துக்கொண்டது, சிறு வயதிலிருந்தே ஒழுங்கான பல் சிகிச்சை பெற்ற ஒஸ்லோ நகர மாணவர்களையும் படித்தவர்களையும்.

1986இல் வெளியான முடிவு இது. நம் ஆட்களில் 100க்கு 8 பேருக்கு முரசு நோய் வேகமாகப் பரவி, 45 வயதுக்குள் எல்லாப் பல்லும் போய்விட்டது. 81 பேருக்கு நோய் மெதுவாகப் பரவியது. 11 பேருக்கு மட்டும் முரசு வீக்கத்துக்கு மேல் போகவில்லை. இன்றும் பல நாடுகளில் பல் வைத்தியம் படிக்கும் மாணவர்கள் இந்தக் கணக்கைப் படிக்கிறார்கள். நம் வாயிலிருந்து உலகம் பாடம் படித்துவிட்டது. அந்தப் பாடத்தின் பலன் நம் லயங்களுக்கு முழுதாக வந்து சேரவில்லை. முரசு நோய் ஆரம்பத்தில் வலிக்காது. வலிக்கும்வரை காத்திருந்தால் பிந்திவிடும்.

அப்படியானால் பயத்தை என்ன செய்வது? மறைக்க வேண்டாம். கதிரையில் உட்காரும் முன்பே, "டொக்டர், எனக்குப் பயம்" என்று சொல்லுங்கள். வலித்தால் இடது கையைத் தூக்குவேன், அப்போது நிறுத்துங்கள் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். என்ன செய்யப் போகிறார் என்று கேளுங்கள். முதல் நாள் பார்த்துவிட்டு மட்டும் வருவதும் நல்லதுதான். அக்காவையோ கூட்டாளியையோ துணைக்குக் கூட்டிப் போங்கள். பயம் அதிகமானவர்களுக்கு மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் வழியும் பெரிய வைத்தியசாலைகளில் உண்டு. பிள்ளைகளை, "ஊசி போடச் சொல்லுவேன்" என்று மிரட்டுவதை இன்றோடு விடுவோம்.

வேறு வருத்தம் உள்ளவர்களுக்கு இன்னொரு பயம். "எனக்கு பிரஷர், பல்லைத் தொட்டால் ஆபத்து" என்று ஒதுங்குகிறார்கள். சிலர், சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று நோயையே மறைக்கிறார்கள். மறைப்பதில்தான் ஆபத்து. கிளினிக் கொப்பியையும் குடிக்கும் மருந்துகளையும் பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு முரசு நோய் கூடும். முரசு நோய் இருந்தால் சீனியைக் கட்டுப்படுத்துவதும் கஷ்டம். அவர்கள் வழமைபோலச் சாப்பிட்டு, மருந்தும் எடுத்துக்கொண்டு போக வேண்டும். இருதய நோய்க்கு இரத்தம் உறையாமலிருக்க மருந்து குடிப்பவர்கள் தாங்களாகவே அதை நிறுத்தக் கூடாது, வைத்தியர் சொல்லுவார். இருதய வால்வு மாற்றியவர்களுக்குப் பல் பிடுங்கும் முன்பு கிருமிக்கொல்லி மருந்து தேவைப்படும். கர்ப்பிணித் தாய்மாரும் பல் சிகிச்சை செய்யலாம். கர்ப்பம் என்பதைச் சொன்னால் போதும். வெற்றிலை போடுகிறவர்கள் வாயில் வெள்ளை, சிவப்புத் தழும்போ இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணோ கண்டால் ஒரு நாளும் தள்ளிப்போட வேண்டாம். வாய்ப் புற்றுநோய் அப்படித்தான் ஆரம்பிக்கும். முகம் வீங்கிக் காய்ச்சலோடு விழுங்கவோ மூச்சுவிடவோ கஷ்டமானால் 1990 அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், காசு இல்லை.

கொழும்பில் இருக்கும் பிள்ளைகள் காலி வீதி தனியார் கிளினிக்கின் விலையைக் கேட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதில்லை. வோட் பிளேஸில் தேசிய பல் வைத்தியசாலை இருக்கிறது; அரசாங்க ஆஸ்பத்திரி, இலவசம். மலையகத்துக்குப் பேராதனைப் பல் போதனா வைத்தியசாலை உண்டு. ஆதார வைத்தியசாலைகளிலும் பல் பிரிவு இருக்கிறது. சிங்களம் தெரியாது என்று தயங்க வேண்டாம். நாட்டின் எந்தப் பகுதியிலும் அரசாங்கக் காரியத்தைத் தமிழில் செய்ய அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை நமக்கு உரிமை தருகிறது.

லீவும் தானம் அல்ல. கடை, காரியாலய ஊழியர் சட்டம் 1954இலிருந்து இருக்கிறது. ஒரு வருடம் முடித்த கடை ஊழியருக்கு வருடத்தில் 7 நாள் அமய லீவும் 14 நாள் வருடாந்த லீவும் சம்பளத்தோடு உண்டு. முதல் வருடத்திலும் இரண்டு மாதத்துக்கு ஒரு நாள் அமய லீவு சேரும். கொட்டாஞ்சேனைக் கடையில் நிற்கும் தம்பி அதில் ஒரு நாளைப் பல்லுக்காகக் கேட்கலாம். வெள்ளவத்தை வீட்டில் சமைக்கும் தங்கச்சிக்கு அந்தச் சட்டம் இல்லை. வீட்டு வேலை செய்பவர்களை அது சேர்க்கவே இல்லை.

ஆகவே நம் சங்கம் மூன்று விஷயங்களைக் கையில் எடுக்க வேண்டும் என்கிறோம். தோட்டங்களோடு அடுத்து பேசும்போது, பல் கிளினிக் சீட்டுக் காட்டினால் அன்றைய பேர் வெட்டப்படக் கூடாது என்று கேட்போம். நடமாடும் பல் வைத்திய வண்டி கொழுந்து நிறுக்கும் இடத்துக்கே வர வேண்டும் என்று சுகாதாரத் திணைக்களத்திடம் கேட்போம். வீட்டு வேலை செய்யும் நம் பெண் பிள்ளைகளுக்கும் சட்டப்படி லீவு வேண்டும் என்று குரல் கொடுப்போம்.

அதுவரை தோட்டக் கமிட்டித் தலைவர்களுக்கும் மாதர் அணிக்கும் ஒரு வேலை. ஒவ்வொரு லயத்திலும் பல் வலியை அடக்கிக்கொண்டு திரிகிறவர் ஒருவராவது இருப்பார். அவரைத் தனியாக அனுப்பாமல், கிளினிக் கொப்பியோடு கூட்டிப் போங்கள்.