மன்றோ சிலையில் இல்லாத ஆள்

பெங்களூரிலிருந்து சேலம் போகும் பேருந்து தொப்பூர் கணவாயில் இறங்கத் தொடங்கும்போது டிரைவர் கியரைக் குறைப்பார். இன்ஜின் முனகும். முன்னால் வரிசையாக லாரிகளின் சிவப்பு விளக்குகள். இந்தப் பக்கத்து ஆளான எனக்கு அந்த முனகல் கேட்டால்தான் வீடு வந்துவிட்டது என்று அர்த்தம். போன மாதம் அந்த இறக்கத்தில்தான் பக்கத்து சீட்டு நண்பன் தன் போனை என் முகத்துக்கு நேராக நீட்டினான்.

வெளிநாட்டில் ஆறு நாள் குதிரைச் சவாரி. விலைப் பட்டியலில் இரண்டு வகை: வழிகாட்டியோடு, வழிகாட்டி இல்லாமல். இரண்டாவது விலை குறைவு.

"கைடு எதுக்குடா? குதிரை, நாம, மலை. அவ்ளோதான். நடுவுல ஒருத்தன் எதுக்கு?"

அந்த 'நடுவுல ஒருத்தன்' என்ற பேச்சோடுதான் எனக்குச் சண்டை. இன்று நம்மில் பலர் பயணத்தைப் பற்றிப் பேசுவதே அந்த ஒருத்தனைக் கழற்றிவிடும் கனவாகத்தான் இருக்கிறது. அவன் இல்லையென்றால் சுதந்திரம், இருந்தால் டூரிஸ்ட். இது பொய் என்கிறேன். அதுவும் கடன் வாங்கிய பொய்.

முதலில் எதிர்த்தரப்பின் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். நமக்குத் தெரிந்த 'வழிகாட்டியோடு சவாரி' என்ன? ஊட்டி ஏரிக்கரை, கொடைக்கானல் ஏரிக்கரை. ஒருவர் கயிற்றைப் பிடித்து நடக்க, நாம் மூட்டை மாதிரி மேலே உட்கார்ந்திருப்போம். பத்து நிமிஷம், ஒரு போட்டோ, இறங்கு. குதிரையின் பெயர்கூடத் தெரியாது. அதைச் சவாரி என்று சொல்ல எனக்கும் மனசு வராது. அதில் சலித்துப்போய்த்தான் தனியாகப் போக ஆசைப்படுகிறோம். சலிப்பு நியாயம்தான். ஆனால் அந்த மனிதருக்குத் தெரிந்த எதையும் நாம் கேட்டதே இல்லை. கயிறு பிடிப்பதற்கு மட்டும் காசு கொடுத்துவிட்டு, கயிறு பிடிப்பதைத் தவிர அவருக்கு என்ன தெரியும் என்று கேட்பது நம் தவறு, அவருடையதல்ல.

தனியாகக் குதிரையில் போகும் வீரன் என்ற பிம்பம் எங்கிருந்து வந்தது? எங்கள் சீமையிலேயே ஒரு கதை இருக்கிறது. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையில் திப்பு சுல்தான் பாரமகாலைக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். நிலவரியை நிர்ணயிக்க அலெக்சாண்டர் ரீடின் கீழே வந்த ராணுவ அதிகாரிகளில் ஒருவர் தாமஸ் மன்றோ. 1799 வரை இந்தப் பக்கம்தான் இருந்தார், தர்மபுரியில் வீடும் தோட்டமும் வைத்திருந்தார். பின்னால் மதராஸ் கவர்னர் ஆனார். சென்னைத் தீவுத்திடல் பக்கம் குதிரைமேல் உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான். பிரான்சிஸ் சாண்ட்ரி வடித்த அந்தச் சிலை 1839இல் அங்கே நிறுவப்பட்டது. அதில் சேணம் இல்லை, அங்கவடியும் இல்லை. சிற்பி மறந்துவிட்டார் என்று ஊரே கதை சொல்லும்.

சேணம் இல்லாததை எல்லோரும் கவனித்தார்கள். குதிரைக்காரர் இல்லாததை யாராவது கவனித்தார்களா?

அந்தக் கால மதராஸில் வெள்ளைக்காரர் வீட்டுக் குதிரைகளுக்கு 'ஹார்ஸ் கீப்பர்' என்று ஒருவர் இருப்பார். வடக்கே அவரை 'சைஸ்' என்பார்கள். புல் அறுத்து வர இன்னொரு ஆள் தனி. பல வீடுகளில் அந்தப் புல்லுக்காரி குதிரைக்காரரின் மனைவி. துரை சவாரி போனால் குதிரைக்காரர் பக்கத்திலேயே ஓடுவார். துரை இறங்கியதும் குதிரையைத் தேய்த்து, தண்ணீர் காட்டி, கொள்ளு வைத்துக் கட்டுவார். தனியாகச் சுற்றிய துரை என்ற பிம்பம், பக்கத்தில் ஓடிய ஆளை அழித்துவிட்டு வரைந்த படம். இன்று நம் போனுக்கு வருவதும் அதே படம்தான்.

இன்னும் பின்னால் போகலாம். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ ஒரு விஷயம் சொல்கிறார். மன்னர்கள் கடல் கடந்து ஏராளமான குதிரைகளைப் பெரும் விலைக்கு வாங்குகிறார்கள். ஆண்டு முடிவதற்குள் பெரும்பாலானவை செத்துப்போகின்றன. காரணம், குதிரையைப் பராமரிக்கத் தெரிந்தவர்கள் இங்கே இல்லை. லாடம் கட்டத் தெரிந்தவர்களை வணிகர்கள் கூட்டி வருவதும் இல்லை, யாரும் வர விடுவதும் இல்லை. குதிரைகள் பிழைத்துவிட்டால் அடுத்த வருஷம் வியாபாரம் நடக்காதே! போலோ கொஞ்சம் மிகைப்படுத்தியிருக்கலாம். ஆனால் கதையின் சாரம் சரியானது. குதிரையை விலைக்கு வாங்கலாம். குதிரை தெரிந்த மனிதர் வரவில்லையென்றால் வாங்கியது பிணம்.

"அப்ப வெளிநாட்டுல தனியா போறவங்க எல்லாம் முட்டாளா?" என்று நண்பன் கேட்டான். இல்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குதிரைப் பாதைகள் சட்டப்படியான பொது வழிகள். அரசு நில அளவை வரைபடத்திலேயே குறித்திருக்கும். வழிகாட்டி இல்லாத பயணம் என்று விற்கப்படுவதில், யாரோ முன்பே பாதையை ஓட்டிப் பார்த்து, இரவு தங்குமிடத்தில் குதிரைக்குத் தீவனம் சொல்லி, உங்கள் பெட்டியை வண்டியில் கொண்டுபோய் வைத்திருப்பார்கள். கைடு இல்லாத பயணம் இல்லை அது, கைடு கண்ணில் படாத பயணம். அதிலும் பொறுப்பான ஆட்கள் உங்களுக்குச் சேணம் கட்டத் தெரியுமா, குளம்பைச் சுத்தம் செய்யத் தெரியுமா என்று பார்த்துவிட்டுத்தான் குதிரையைக் கொடுப்பார்கள். வருஷக்கணக்கில் குதிரையோடு புழங்கியவர்கள் தாராளமாகத் தனியே போகட்டும். ஏரிக்கரையில் பத்து நிமிஷம் உட்கார்ந்த அனுபவத்தோடு போகிறவர்களிடம்தான் பேசிக்கொண்டிருக்கிறேன். அதாவது என்னிடமும்.

இவ்வளவு பேச்சிலும் குதிரையை யாரும் கேட்கவில்லை. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. வயிற்றில் கோளாறு வந்தால் உள்ளேயே முறுக்கிக்கொள்ளும். சில மணி நேரத்தில் உயிரே போகலாம். அதற்கு முன் சின்னச் சின்ன அடையாளங்கள் காட்டும்: முன்காலால் தரையைச் சுரண்டும், திரும்பித் திரும்பித் தன் விலாவைப் பார்க்கும், தீவனத்தை முகர்ந்துவிட்டு விலகும். அதோடு வாழ்கிறவருக்கு ஒரு பார்வை போதும். உங்களுக்கும் எனக்கும் அது 'க்யூட்'. ஒரு போட்டோ எடுத்திருப்போம். 'குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம்' என்று நம் ஊரில் பழமொழி உண்டு. தெரியாத மலையில் குழி பறிப்பது பெரும்பாலும் மேலே உட்கார்ந்திருப்பவன்தான், அதுவும் குதிரைக்கு.

கைடு என்ற பெயர் மட்டும் போதும் என்றும் நான் சொல்லவில்லை. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலைக்காட்டுத் தீயில் சிக்கி, மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களும் குழுவாக, அழைத்துச் செல்ல ஆட்களோடு போனவர்கள்தான். ஆகவே கைடு இருக்கிறாரா என்பது பாதிக் கேள்விதான். அவர் அந்த மலையின் ஆளா என்பது மீதி. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 40 பாதைகள். வழிகாட்டிகள் பழங்குடியினரும் காட்டை ஒட்டிய கிராமத்தவர்களும். குறை சொல்ல அதிலும் இருக்கும். ஆனால் மலை தெரிந்தவருக்குச் சம்பளம் என்ற கொள்கை சரி. குதிரைக்கும் அதைத்தான் கேட்கிறேன்.

குதிரை தெரிந்தவர்களைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம். தொப்பூரில் மேட்டூர் சாலையில் திரும்பி பவானி வழியாகப் போனால் அந்தியூர். ஆடி மாதம் குருநாதசாமி கோயில் திருவிழாவில் குதிரைச் சந்தை கூடும். கத்தியவாரி, மார்வாரி எல்லாம் வரும். விலை கேட்காமல் ஒரு நாள் சும்மா நின்று பாருங்கள். காலைத் தூக்கிக் குளம்பைப் பார்க்கிற கையையும், உதட்டை விலக்கிப் பல்லைப் பார்த்து வயசு சொல்கிற கண்ணையும் கவனியுங்கள். தலைமுறைகளாகச் சேர்ந்த அந்த அறிவைத்தான் 'நடுவுல ஒருத்தன்' என்கிறோம். நாம் அவர்களைக் கழற்றிவிட்டால் அவர்கள் பிள்ளைகள் இந்தத் தொழிலுக்கு வர மாட்டார்கள். பிறகு நம்மிடம் குதிரை மட்டும் இருக்கும், பாண்டியர்களிடம் இருந்தது மாதிரி.

பேருந்து இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. இந்தக் கணவாயில் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் வண்டியை விட்டு, பிரேக் பிடிக்காமல் முன்னால் போன வண்டிகள்மேல் ஏறிய லாரிகளின் கதை எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரியும். நியூட்ரலில் இறங்கும்போது வண்டி இலேசாக, சத்தமில்லாமல், சுதந்திரமாகத்தான் ஓடும். பிடிமானம் போனது முதல் வளைவில்தான் தெரியும். எங்கள் டிரைவர் கியரை விடவில்லை. இன்ஜின் முனகிக்கொண்டே இருந்தது.

நண்பன் கொஞ்ச நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சரிடா, கைடோடவே போலாம். ஆனா காசு ஜாஸ்தி."

"அந்த ஜாஸ்தி இருக்கில்ல, அதுதான்டா அந்த ஆளோட சம்பளம்" என்றேன்.