நாமம் போட்ட பூனை

பெரம்பலூரில் வங்கிக் கவுண்டரை மூடிவிட்டு அரியலூர் போனால் இலக்கியம் பேச நாலு பேர் கிடைப்பார்கள். சென்ற மாதம் அவர்களிடம் காளிகாட் ஓவியம் ஒன்றின் அச்சுப் பிரதியைக் காட்டினேன். ஒரு பூனை, நெற்றியில் நாமம், வாயில் இறால். கல்லூரியில் பாடம் நடத்தும் நண்பர் வாய்விட்டுச் சிரித்தார். உடனே, சிரித்ததற்கு வெட்கப்பட்டவர்போல, "இது கார்ட்டூன் சார், கலையில்லை" என்றார்.

இந்தத் தீர்ப்போடுதான் எனக்குச் சண்டை. நம் ரசனைக்குச் சிரிப்பு மட்டம். முகத்தை இறுக்கிக்கொண்டால் ஆழம்.

19-ம் நூற்றாண்டில் கல்கத்தா காளி கோயிலருகே யாத்ரீகர்களுக்கு மலிவாக விற்ற படம் அது. பக்தி வேஷதாரியைத் தோலுரிக்க அந்த ஓவியனுக்குப் பிரசங்கம் தேவைப்படவில்லை. பூனை கடைசிவரை பூனையாகவே இருக்கிறது; அதனாலேயே மனிதன் அகப்பட்டுக்கொள்கிறான். மிருகத்துக்கு வேஷ்டி கட்டிவிட்டால் நையாண்டி ஆகிவிடும் என்று நம்புகிறவர்களுக்கு இது பிடிபடாது.

கல்கத்தா தூரமென்றால் மாமல்லபுரம் போகலாம். 7-ம் நூற்றாண்டுப் பாறையில், மேலே தவசி கைகளை உயர்த்தி நிற்கிறான். கீழே அதே கோலத்தில் ஒரு பூனை, சுற்றிலும் எலிகள். தவத்தைச் செதுக்கிய உளியே அதைக் கேலியும் செய்தது. அதுவும் கார்ட்டூன்தானா?

பூனையைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். கைகூப்பி நிற்கும் எலியைக் கண்டபோதுதான் எனக்குச் சிரிப்பு அடங்கியது. மேலதிகாரியின் அறையில் நானும் அப்படித்தான் நிற்கிறேன்.