காளை ஓடுது, ஃபோகஸ் தூங்குது!

சிவகாசி நண்பர் ஒருவர், காலண்டர் படத்துக்காக அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டுக்குப் போய்வந்தார். ஐந்நூறு படம். எல்லாவற்றிலும் பின்னால் இருக்கிற தடுப்புக் கட்டை பளிச், காளை கலங்கல்! ‘கேமரா சரியில்ல சார், புதுசு வாங்கணும்’ என்கிறார்.

கேமரா என்ன பாவம் செய்தது? அவர் வைத்திருந்தது ‘ஒன் ஷாட்’. பட்டனைப் பாதி அழுத்தியதும் ஃபோகஸ் பூட்டிக்கொள்ளும். மணமேடைக்கு அது போதும். வாடிவாசலிலிருந்து பாய்கிற காளை, நீங்கள் பூட்டிய தூரத்தில் நின்று போஸ் கொடுக்குமா?

கேனானில் ‘சர்வோ’, நிக்கான், சோனியில் ‘ஏஎஃப்-சி’. பட்டனை அழுத்தியிருக்கும் வரை ஃபோகஸ் காளையோடு கூடவே ஓடிவரும். ஃபோகஸ் பரப்பைத் திரை முழுக்க விரிக்காமல், சுருக்கித் திமிலில் வையுங்கள். குறுக்கே ஆள் ஓடினால் அவர் மேல் தாவாதபடி ‘டிராக்கிங் சென்சிட்டிவிட்டி’யைக் குறையுங்கள். ஷட்டர் 1/1000 நொடியாவது இருக்கட்டும்.

இதற்கெல்லாம் பைசா செலவில்லை. ஆனால் நம்மாட்கள் தவணையில் லென்ஸ் வாங்குவார்கள்; மெனுவை மட்டும் திறக்கமாட்டார்கள்!

திமிலைப் பிடித்துத் தொங்குகிறானே, அந்தப் பையனுக்கு அது உயிரைப் பணயம் வைத்த சில நொடி. அவன் முகம் கலங்கிப்போனால், சிவகாசி ஆஃப்செட் மிஷின் எத்தனை கலரில் அடித்தாலும் தெளியாது. அவனுக்காக ரெண்டு நிமிஷம் மெனுவைப் பார்த்தால் குறைந்தா போய்விடுவீர்கள்?