கூட வந்த நாய்

இமயமலைப் பாதையில் நாயோடு நடந்தவர்களில் நமக்குத் தெரிந்த முதல் ஆள் தருமன். மனைவியும் நான்கு தம்பிகளும் வழியில் ஒவ்வொருவராக விழுந்துவிட, கடைசிவரை அவன் கூடவே போனது ஒரு நாய். கதாகாலட்சேபங்களில் இதை நாயின் விசுவாசத்துக்கு உதாரணமாகச் சொல்வார்கள். ஆனால் அங்கே சோதனை நாய்க்கு அல்ல, தருமனுக்கு. நடக்கிறவரை ஒரு சிக்கலும் இல்லை. வாகனம் வந்து நின்ற பிறகுதான் பிரச்னையே. தேரில் நாய்க்கு இடமில்லை என்று இந்திரன் சொல்ல, நம்பி வந்ததை விட்டுவிட்டு ஏறமாட்டேன் என்று தருமன் நின்றுவிட்டான்.

அந்தத் தேர் இன்றும் ஒவ்வொரு கோடையிலும் வருகிறது. டெம்போ டிராவலர், ஜீப் என்று உருவம்தான் மாறியிருக்கிறது.

இமாசலப் பிரதேசத்தில் மணாலிக்கு அருகே ஜோப்ராவில் தொடங்கும் ஹம்ப்தா கணவாய்ப் பாதை, புதிதாக மலையேறுகிறவர்களுக்குப் பிரியமானது. குலு பள்ளத்தாக்கின் மரங்களையும் புல்வெளிகளையும் தாண்டி, சுமார் 4,270 மீட்டர் உயரத்தில் கணவாயைக் கடந்து, மறுபுறம் பச்சையே இல்லாத லாஹோலில் இறங்க வேண்டும். நடை முடியும் இடம் சந்திரா நதிக்கரையில் உள்ள சத்ரூ. (தமிழ்க் காதுக்குப் பகைவன் மாதிரி ஒலித்தாலும் வெறும் ஊர்ப்பெயர்தான். ஊர் என்றுகூடச் சொல்ல முடியாது. கோடையில் மட்டும் திறந்திருக்கும் சில தாபாக்கள்.) அங்கிருந்து வாகனத்தில் ஏறினால், 2020இல் திறக்கப்பட்ட அடல் சுரங்கப்பாதை வழியாகச் சில மணி நேரத்தில் மணாலி.

இந்த மாதிரிப் பாதைகள் தொடங்கும் இடங்களில் மலைநாய்கள் படுத்துக் கிடக்கும். அடர்ந்த ரோமம், சாந்தமான முகம். முதல் நாள் யாரோ ஒருவர் பிஸ்கட் போடுகிறார். நாய் கூடவே வருகிறது. இரண்டாம் நாள் அதற்கு ஒரு பெயர் வைத்தாகிவிட்டது. மூன்றாம் நாள் கணவாயின் உச்சியில் எடுக்கும் படத்தில் அதுதான் நடுநாயகம். நகரத்தில் தெருநாயைக் கண்டு தள்ளிப் போகிறவர்கள்கூட மலையில் நாயின் தோளில் கை போட்டுக்கொள்கிறார்கள். அடுத்த நாள் சத்ரூவில் வண்டி காத்திருக்கிறது. மூட்டைகள் மேலே ஏறுகின்றன, ஆட்கள் உள்ளே ஏறுகிறார்கள். கொஞ்ச தூரம் வண்டிக்குப் பின்னால் ஓடி வந்து நின்றுவிடுகிறது நாய். பார்க்கப் பாவமாகத்தான் இருக்கிறது. படமும் எடுக்கிறார்கள்.

எல்லாப் பாதையிலும் இப்படி நடப்பதில்லை. தர்மசாலாவுக்கு மேலே டிரியூண்டுக்கு ஏறுகிறவர்களோடும் நாய்கள் போகின்றன. ஆனால் ஏறிய வழியிலேயே இறங்குவதால் சாயங்காலம் வேறு ஒரு கோஷ்டியோடு நாய் தன் இடத்துக்குத் திரும்பிவிடும். மலையேற்றக்காரர்கள் அதற்குப் பகல்நேரப் பொழுதுபோக்கு. அதுவும் அவர்களுக்கு அப்படியே. ஒரு பள்ளத்தாக்கில் ஏறி இன்னொன்றில் இறங்கும் பாதைகளில்தான் கணக்கு இடிக்கிறது. நாய்க்கு ஊர் உண்டு, எல்லை உண்டு. எல்லை தாண்டி வந்த நாயை அந்தப் பக்கத்து நாய்கள் சும்மா விடாது. அக்டோபர் வாக்கில் தாபாக்காரர்கள் கடையைக் கட்டிக்கொண்டு கீழே போய்விடுவார்கள். பிறகு சாலையைப் பனி மூடிவிடும். எச்சில் சோறு போடவும் ஆள் கிடையாது.

அப்போது நாய் செய்யக்கூடியது இரண்டுதான்: சாவது, அல்லது வேட்டையாடுவது. இமயமலையின் உயர்ந்த பகுதிகளில் நாய்க் கூட்டங்கள் இன்று பெரிய பிரச்னை. லடாக்கின் சாங்தாங் பகுதியில் முட்டையிடும் கருங்கழுத்துக் கொக்குகளுக்கு முக்கிய எதிரி நாய்தான். கூட்டில் இருக்கும் முட்டையையும் குஞ்சையும் தின்றுவிடுகிறது. நாய்களால் இந்தியக் காட்டுயிர்களுக்கு நேரும் கேடு பற்றி 2018இல் வெளியான ஓர் ஆய்வு, நாய்கள் தாக்கியதாகத் தெரியவந்த 80 வகை உயிரினங்களைப் பட்டியலிட்டது. அதில் 31 வகை, உலக அளவில் அழிவின் அபாயத்தில் இருப்பவை. இந்த நாய்கள் எல்லாம் பிஸ்கட்டுக்குப் பின்னால் போனவை அல்ல. ராணுவ முகாம்களின் மிச்ச உணவிலும் சுற்றுலா ஊர்களின் குப்பை மேடுகளிலும் பெருகியவையே அதிகம். ஆனால் கொக்குக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

சொந்த நாயை மலைக்கு அழைத்துப் போகிறவர்கள் வேறு ஜாதி. அவர்களுடைய சிரமம் ரயில் நிலையத்திலேயே தொடங்கிவிடுகிறது. குளிர்வசதி முதல் வகுப்பில் ஒரு கூபேயை முழுசாகப் பிடித்தால்தான் நாய் எஜமானோடு பயணம் செய்யலாம். இல்லாவிட்டால் கார்டு பெட்டியில் இருக்கும் இரும்புக் கூண்டுதான் கதி. அந்தக் கூண்டில் ஓர் இரவைக் கழித்த நாயை மறுநாளே மலையேற்றச் சொல்வது கொடுமை. எனவே பலரும் காரில் போகிறார்கள். வடக்கே குமாயுன், கட்வால். மேற்கே சகியாத்ரி மலைக்கோட்டைகள். தெற்கே குடகு, வயநாடு என்று நாயோடு தங்க அனுமதிக்கும் விடுதிகள் இப்போது பெருகியிருக்கின்றன.

2022 மே மாதம் ஒருவர் தன் ஹஸ்கி நாயோடு கேதார்நாத்துக்கு ஏறியது தேசிய விவகாரமே ஆகிவிட்டது. நாயின் முன்னங்காலை நந்தியின் மேல் வைத்துப் படம் எடுத்தார் என்று ஆலயக் குழு போலீஸுக்குப் போனது. கோயிலின் புனிதம் கெட்டதா இல்லையா என்று இரண்டு தரப்பாகச் சண்டை நடந்தது. ஆயிரக்கணக்கான மனிதர்களும் கோவேறு கழுதைகளும் நெருக்கியடிக்கும் 16 கிலோமீட்டருக்கும் அதிகமான பாதையில் ஒரு நாயை ஏற்றிச் செல்வது அந்த நாய்க்கு நல்லதா என்ற கேள்வி இந்தச் சண்டையில் எடுபடவில்லை.

நாயை மலையில் எப்படி நடத்துவது என்று தெரிந்தவர்கள் இமாசலத்தின் கத்தி இடையர்கள். கோடையில் ஆடுகளை உயரமான மேய்ச்சல் நிலங்களுக்கு ஓட்டிப்போய், குளிரில் கீழே இறங்கிவிடும் கூட்டம். கூடவே கத்தி நாய்களும் ஏறி இறங்கும். ராஜபாளையம், சிப்பிப்பாறை, முதோள் நாய்களைத் தொடர்ந்து, பதிவுபெற்ற நான்காவது இந்திய நாய் இனமாக 2025இல் அங்கீகாரம் பெற்றது இதுதான். இந்த நாயின் கழுத்தில் அகலமான இரும்புப் பட்டை, அதில் வெளிநோக்கிய முட்கள். அலங்காரம் அல்ல. சிறுத்தை முதலில் கவ்வுவது குரல்வளையை.

பட்டணத்து நாய்க்காரர்கள் கண்ணில் படாதது இந்த விஷயம்தான். சிறுத்தைக்கு நாய் என்பது உணவு. அதுவும் விருப்ப உணவு. மகாராஷ்டிரத்தின் அகோலே வட்டாரத்தில் வயல்களுக்கு நடுவே வாழும் சிறுத்தைகள் எதைத் தின்கின்றன என்று ஆராய்ந்து 2014இல் வெளியிட்டார்கள். அவை தின்ற இறைச்சியில் 39 சதவீதம் நாய். மும்பை நகரத்துக்குள்ளேயே இருக்கும் சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவின் சிறுத்தைகளும் தெருநாய்க்காக வேலி தாண்டுகின்றன. அந்தி வேளையில் கயிற்றை அவிழ்த்து, காற்றாட ஓடி வரட்டும் என்று லேப்ரடாரை விடுகிறவர், தனக்குத் தெரியாமலே ஒரு பந்தி விரிக்கிறார். கரடி இருக்கும் காட்டில் இன்னொரு ஆபத்து. முன்னால் ஓடும் நாய் கரடியைப் பார்த்துக் குரைக்கும். கரடி துரத்தினால் நாய் ஓடி வரும் இடம் எஜமானின் காலடி.

காட்டு விலங்கு நாயைத் தின்பது ஒரு பக்கம். நாய் காட்டுக்குக் கொண்டு போவது இன்னொரு பக்கம். 1994இல் தான்சானியாவின் செரங்கெட்டியில் சிங்கங்கள் வலிப்பு கண்டு விழ ஆரம்பித்தன. ஏறக்குறைய ஆயிரம் சிங்கங்கள், அதாவது மூன்றில் ஒரு பங்கு, மாண்டன. காரணம் கேனைன் டிஸ்டெம்பர், நாய்களுக்கு வரும் வைரஸ் நோய். காட்டைச் சுற்றியிருந்த ஊர்நாய்களிடமிருந்தே அது வந்திருக்க வேண்டும் என்று ஆராய்ச்சியாளர்கள் கருதினார்கள். 2018 செப்டம்பர், அக்டோபரில் குஜராத்தின் கிர் காட்டில், தல்கானியா சரகத்தில் மட்டும் 23 சிங்கங்கள் இறந்தன. சிலவற்றின் உடலில் அதே வைரஸ் இருந்தது. அவசரமாக அமெரிக்காவிலிருந்து தடுப்பூசி வரவழைத்தார்கள். ஆசியச் சிங்கம் இயற்கையாக வாழ உலகத்தில் மிஞ்சியிருப்பது குஜராத்தின் அந்த ஒரு வட்டாரம்தான் என்னும்போது, பயம் நியாயமானதே.

இதனால் இந்தியாவின் தேசியப் பூங்காக்களுக்குள் வளர்ப்பு நாய்க்கு இடமில்லை. குமாயுன் காடுகளில் ஜிம் கார்பெட்டின் கூடவே நடந்தது ராபின் என்ற ஸ்பானியல் நாய். 15 ரூபாய்க்கு வாங்கியது. 1944இல் வெளிவந்த அவருடைய புகழ்பெற்ற புத்தகத்தில் அதற்கென்று தனி அத்தியாயமே உண்டு. காலாடுங்கியில் அருங்காட்சியகமாகிவிட்ட அவர் வீட்டு வளாகத்தில் ராபினின் கல்லறை இருக்கிறது. கார்பெட் பெயர் தாங்கிய பூங்காவின் வாசலில் ராபின் இன்று உயிரோடு வந்து நின்றால், ஜீப்பில் ஏற்ற மாட்டார்கள். வருத்தப்பட வேண்டியதில்லை. சரியான விதி.

விதி வாசலோடு நின்றுவிடுவதுதான் குறை. சரணாலயத்தைச் சுற்றி 5 கிலோமீட்டருக்குள் இருக்கும் கால்நடைகளுக்குத் தடுப்பூசி போட வேண்டும் என்று காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. கால்நடை என்றால் என்ன என்றும் அதே சட்டம் விளக்குகிறது. எருமை, ஒட்டகம், கழுதை, பன்றி எல்லாம் உண்டு. வாத்துகூட உண்டு. நாயின் பெயர் இல்லை.

அமெரிக்காவிலும் யோசெமிட்டி போன்ற பெரிய பூங்காக்களின் பெரும்பாலான நடைபாதைகளில் நாய்க்கு அனுமதி கிடையாது. அதே நாட்டில் ஷெனன்டோவா பூங்காவில் 500 மைல் நடைபாதையில், செங்குத்தான பாறைகளும் கூட்டமும் உள்ள சுமார் 20 மைல் போக மற்றதில் நாயோடு நடக்கலாம். கயிறு 6 அடிக்கு மேல் நீளக் கூடாது. கழிவை எடுத்துவிட வேண்டும். எங்கே போகலாம், எங்கே கூடாது என்று பாதை பாதையாகச் சொல்லிவிடுகிறார்கள். இந்தியாவில் பூங்காவுக்குள் முழுத் தடை; பூங்காவுக்கு வெளியே, அதே சிறுத்தையும் அதே கேளையாடும் உலவும் மலைப்பாதைகளில் பெரும்பாலும் கேட்பாரில்லை. சில பாதைகளைக் கயிற்றோடும் தடுப்பூசிச் சான்றோடும் நாய்க்குத் திறந்துவிட்டு, மற்றதைக் கண்டிப்பாக மூடுவது வனத்துறைக்கு முடியாத காரியமல்ல. மலையேறக் கட்டணம் வசூலிக்கச் சாவடி போட முடிகிறவர்களுக்கு, அங்கேயே நாயின் தடுப்பூசி அட்டையைப் பார்க்க எவ்வளவு நேரமாகும்?

அதுவரை பொறுப்பு நாய்க்காரர் தலையில்தான். வெறிநாய்க்கடி, டிஸ்டெம்பர், பார்வோ, எலிக்காய்ச்சல் தடுப்பூசிகள் போட்டிருக்க வேண்டும். எலும்பு முற்றாத ஒரு வயதுக்குட்பட்ட குட்டியையும், சப்பை மூக்குப் பக் நாயையும் வீட்டில் விட்டுவிடுவது உத்தமம். பக் நாய்க்குச் சமவெளியிலேயே மூச்சு வாங்கும். நாய்க்கு வியர்ப்பது பாதத்தில் மட்டும். உடல் சூட்டை நாக்கு வழியாகத்தான் தணித்துக்கொள்கிறது. மார்ச் மாத மதியத்தில் சகியாத்ரியின் கரும்பாறை எப்படிச் சுடும் என்பதை அறிய, பாறைமேல் புறங்கையைச் சில விநாடி வைத்துப் பார்த்தால் போதும். கை தாங்காத இடத்தில் பாதமும் தாங்காது. அங்குள்ள கோட்டைகளில் பாறையைக் குடைந்த பழைய தண்ணீர்த் தொட்டிகள் உண்டு. ஏறி வருகிறவர்கள் குடிப்பது அந்தத் தண்ணீரைத்தான். கயிறு இல்லாத நாய் முதலில் குதிக்கும் இடமும் அதுதான். மழைக்காலத்தில் மேற்குத்தொடர்ச்சி மலையில் நடந்தால் அட்டை, உண்ணி. இரவு கூடாரத்தில் காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் பார்க்காமல் தூங்கக் கூடாது. உயரம் தலைக்கு ஏறுவது மனிதருக்கு மட்டுமல்ல, நாய்க்கும் உண்டு. அதற்கு வாய்விட்டுச் சொல்லத் தெரியாது. சாப்பாட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பினால், இறங்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

தானாகக் கூட வரும் மலைநாய்க்கு இத்தனை தேவையில்லை. கணவாய் தாண்டும் பாதை என்றால் முதல் நாள் பிஸ்கட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டால் போதும். பெரும்பாலான நாய்கள் முதல் முகாமோடு திரும்பிவிடும். அப்படியும் வந்துவிட்டால், வந்த வழியே திரும்பிப் போகும் குதிரைக்காரர் யாராவது இருக்கிறாரா என்று வழிகாட்டியிடம் விசாரிக்கலாம். அவர் பின்னால் போகிற நாய் வழி தவறாது. அதற்கும் ஆள் கிடைக்காவிட்டால் சத்ரூவில் நிற்கும் ஜீப்பில் ஓர் இடம் கேட்க வேண்டியதுதான். டிரைவர் முதலில் முடியாது என்பார். சீட்டில் ரோமம் ஒட்டும், வாந்தி எடுக்கும் என்பார். ஒரு ஆள் கட்டணத்தைக் கூடுதலாகக் கொடுத்து, பழைய கம்பளி ஒன்றை விரித்தால் பெரும்பாலும் சம்மதித்துவிடுவார். சுரங்கப்பாதைக்குள் அது கொஞ்சம் ஊளையிடக்கூடும். ஜோப்ராவில் கதவைத் திறந்ததும் யாரையும் திரும்பிப் பார்க்காமல் ஓடிவிடும்.